என் குறை என்ன, சொல்லுங்கள்

எங்கள் முதலாளி ஜப்பானுக்குப் போய்விட்டு வந்த பிறகுதான் இந்த ஆண்டு விழா என்கிற வினை ஆரம்பித்தது. அதற்கு முன்னால் அவரும் மற்ற முதலாளிகளைப் போலத்தான் இருந்தார். காலையில் கார் வரும், வாட்ச்மேன் சல்யூட் அடிப்பார், நாங்கள் தலையைக் குனிந்துகொண்டு வேலையைப் பார்ப்போம். சாயங்காலம் கார் போய்விடும். அவர் மனசில் என்ன ஓடுகிறது என்று எங்களுக்குத் தெரியாது. தெரிந்து என்ன ஆகப்போகிறது? சம்பளம் ஒழுங்காக வந்தது, அது போதும்.

பொழிச்சலூரில், விமான நிலையத்துச் சுற்றுச்சுவர் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் அந்த ஷெட் இருந்தது. தகரக் கூரை. உள்ளே பித்தளைத் தகட்டை வெட்டி, மின்சார ஸ்விட்சுக்குள் போகும் சின்னச் சின்னத் துண்டுகள் செய்வோம். எண்பதுகளின் பின்பாதி அது. நான் மாடம்பாக்கத்திலிருந்து பஸ் பிடித்துத் தாம்பரம் வந்து, அங்கே மின்சார ரயில் ஏறிப் பல்லாவரத்தில் இறங்கி, மறுபடியும் ஒரு பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வேலைக்குப் போவேன். செய்த துண்டுகளைச் சரிபார்க்கும் மேஜையில் எனக்கு வேலை. கோணல் மாணலாக இருப்பதைப் பொறுக்கி எறிய வேண்டும். கோணலைக் கண்டால் வாய் சும்மா இருக்காது என்று வீட்டில் எனக்கு ஏற்கெனவே நல்ல பெயர். அதற்கு ஏற்ற வேலைதான் கிடைத்தது.

அந்த ஊரில் ஒரு பழக்கம். தலைக்கு மேல் விமானம் போகும்போது யாரும் பேச மாட்டார்கள். பேசினாலும் கேட்காது. பாதி வாக்கியத்தில் வாயை நிறுத்திக்கொண்டு, அது போன பிறகு விட்ட இடத்திலிருந்து தொடர்வார்கள். தெருச் சண்டையில்கூடக் கையை ஓங்கியபடி அப்படியே நிற்பார்கள். சத்தம் அடங்கியதும் அடுத்த வசவு வரும். முதல் தடவை பார்த்தபோது எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. ஒரே மாதத்தில் நானும் அப்படி ஆகிவிட்டேன்.

பிரஸ் செக்‌ஷனில் ஒரு அக்கா இருந்தார். பம்மல்காரர். நாற்பதை நெருங்கும் வயது, ஷெட்டின் மறுகோடி வரை கேட்கும் சிரிப்பு, கை நிறையப் பச்சைக் கண்ணாடி வளையல். கணவர் கொத்தனார் வேலை. இருந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. ஒரே பெண், பள்ளிக்கூடத்தில் கடைசி வகுப்பு படித்துக்கொண்டிருந்தாள். முதல் நாள் சாப்பாட்டு நேரத்தில் எங்கே உட்காருவது என்று தெரியாமல் நான் டிபன் டப்பாவோடு முழித்துக்கொண்டு நின்றபோது, "இன்னாமே, கண்ணாலத்துக்கு வந்தா மாதிரி நின்னுகினு கீற? குந்து," என்று தன் பக்கத்தில் இழுத்து உட்காரவைத்தவர் அவர்தான். அன்றிலிருந்து அவர் குழம்பில் பாதி எனக்கு, என் பொரியலில் பாதி அவருக்கு.

அந்த பிரஸ் இயந்திரத்தைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். மேலிருந்து ஓர் இரும்புக் கட்டை இறங்கித் தகட்டை வெட்டும். அதை இறக்க இரண்டு பச்சைப் பொத்தான்கள், இடது பக்கம் ஒன்று, வலது பக்கம் ஒன்று. இரண்டையும் ஒரே சமயத்தில் அழுத்தினால்தான் கட்டை இறங்கும். ஏனென்றால், இரண்டு கையும் பொத்தானில் இருந்தால் ஒரு கையும் கட்டைக்கு அடியில் இருக்க முடியாது. இயந்திரத்தைச் செய்தவன் புத்திசாலி. நாங்கள் அவனைவிடப் புத்திசாலிகள் ஆயிற்றே! இடது பொத்தானை அழுத்தி, அது மேலே எழும்பாதபடி பழைய ரப்பர் செருப்பின் வாரை வெட்டி இடுக்கில் செருகிவிடுவார்கள். பிறகு வலது கை பொத்தானைத் தட்டும், இடது கை தகட்டைத் தள்ளிக்கொண்டே இருக்கும். வேலை இரண்டு மடங்கு ஓடும்.

யார் முதலில் செருகினார்கள் என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. சூப்பர்வைசர் சாருக்குத் தெரியாது. அந்த வழியாகத் தினமும் நடக்கும் முதலாளிக்கும் தெரியாது என்றுதான் வைத்துக்கொள்ள வேண்டும். ஆயுத பூஜைக்கு மட்டும் அதைப் பிடுங்கி எறிவார்கள். சாமியாகக் கும்பிடும் மெஷினில் செருப்புத் துண்டு இருக்கலாமா, பாவம் இல்லையா? கழுவித் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைப்பார்கள். வருஷத்தில் அந்த ஒரு நாள் இயந்திரம் பத்திரமாக இருக்கும். அன்றைக்கு அது ஓடாது.

ஒரு மார்கழி மாதம், என் மேஜைக்கு வந்த தட்டில் பித்தளைத் துண்டுகளுக்கு நடுவே பச்சையாக ஏதோ மின்னியது. எடுத்துப் பார்த்தேன். கண்ணாடி வளையலின் துண்டு. உடைந்த மாதிரி இல்லை. ஒரு பக்கம் பொடியாக நசுங்கியிருந்தது. அது யாருடைய வளையல் என்று எனக்குத் தெரியும். தட்டை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன்.

அக்கா வேலை பார்த்துக்கொண்டிருந்தார். என் உள்ளங்கையைப் பார்த்ததும் அதே சிரிப்பு.

"இன்னாமே, பேயறைஞ்சா மாதிரி வர? வளையல் தானே போச்சு. கை கீது பாரு!" என்று ஐந்து விரலையும் என் முகத்துக்கு முன்னால் ஆட்டினார்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "சிரிக்காதீங்க அக்கா. அந்த ரப்பரைப் பிடுங்கிப் போடுங்க முதல்ல."

"பிடுங்கினா? பக்கத்து மெஷின்காரி ஓட்டிகினே இருப்பா, நான் மட்டும் வீணை வாசிக்கிறா மாதிரி ரெண்டு கையால அமுக்கிகினு குந்தட்டுமா? சூப்பர்வைசர் இன்னா கொஞ்சுவாரா?"

அதுவும் நியாயம்தான். ஒருத்தி மட்டும் பிடுங்கினால் அவள்தான் சோம்பேறி. எல்லாரும் பிடுங்க வேண்டும். அதை மேலே இருப்பவர் சொல்ல வேண்டும். அப்போதுதான் எனக்கு ஆண்டு விழாவின் ஞாபகம் வந்தது.

ஜப்பானில் ஒரு கம்பெனியில் வருஷக் கடைசியில் பெரிய முதலாளியே தொழிலாளிகள் முன்னால் நின்று, இந்த வருஷம் நான் என்ன தப்பு செய்தேன் என்று கேட்டாராம். அதைப் பார்த்து எங்கள் முதலாளி உருகிவிட்டார். வந்ததும் வராததுமாக டிசம்பர் கடைசி நாள் விழா என்று அறிவித்தார். சிறந்த செக்‌ஷனுக்குக் கேடயம். எல்லாருக்கும் எவர்சில்வர் டப்பா, மைசூர்பாகு, காபி. அதோடு செக்‌ஷனுக்கு ஒருவர் மைக் முன்னால் வந்து முதலாளியின் குறையைச் சொல்ல வேண்டும், பயப்படாமல் சொல்லலாம். பிரஸ் செக்‌ஷன் சார்பில் பேச அக்காவைத்தான் போட்டிருந்தார்கள். சத்தமாகப் பேசுவார் என்பதால்.

"இதைச் சொல்லிடுங்க அக்கா," என்றேன். "அவரே வாயைத் திறந்து கேட்கிறார். இதைவிட நல்ல சமயம் கிடைக்காது."

அக்கா மெஷினை நிறுத்தினார். "சர்த்தான். சொல்லிட்றேன். எல்லாருக்கும் சேத்து ஒரே அடியா புடுங்கச் சொல்லட்டும்," என்றார். அந்த வளையல் துண்டை வாங்கி முந்தானை முனையில் முடிந்துகொண்டார்.

விழா அன்று முற்றத்தில் ஷாமியானா போட்டிருந்தார்கள். வாடகை நாற்காலி, வாடகை மைக். இயந்திரங்களை நிறுத்திவிட்டதால் காது சும்மா இருப்பதே ஒரு மாதிரியாக இருந்தது. முதலாளி எங்களைப் பார்த்து இடுப்பை வளைத்து வணங்கினார். முன் வரிசைப் பெண்கள் பதறிப்போய் எழுந்து நின்றுவிட்டார்கள். பெரியவர் குனிந்தால் நாம் உட்கார்ந்திருக்கலாமா?

அவர் நன்றாகத்தான் பேசினார். பொய் சொல்லக் கூடாது. "இந்தக் கம்பெனி என்னுடையது இல்லை, உங்களுடையது," என்றார். சிறந்த செக்‌ஷன் கேடயம் பிரஸ் செக்‌ஷனுக்கே. அத்தனை துண்டு வெட்டினால் வேறு யாருக்குப் போகும்? அந்தச் செருப்பு வாருக்குத்தான் மாலை போட்டிருக்க வேண்டும் என்று நான் பக்கத்தில் இருந்தவளிடம் முணுமுணுத்தேன். அவள் என் தொடையில் கிள்ளினாள்.

பிறகு அவர் கேட்டார். "இப்ப நீங்க சொல்லுங்க. இந்த வருஷம் என் குறை என்ன?"

அக்கா எழுந்து மைக் முன்னால் போனார். முந்தானை முனையைப் பிடித்திருந்தார். "சார், குறைன்னு சொல்ல வேணாம். எங்க செக்‌ஷன்ல ஒண்ணு கீது சார். அந்த மெஷின்ல..." என்றார்.

விமானம் வந்தது. அதன் நிழல் ஷாமியானாவின் மேல் ஏறி இறங்கியது. பழக்கப்படி அக்கா வாயை மூடிக்கொண்டார். முதலாளி புன்னகையோடு காத்திருந்தார். அந்த நேரத்துக்குள் முன் வரிசையில் இருந்த பிரஸ் செக்‌ஷன் பெண்கள் அக்காவின் புடவையைப் பிடித்து இழுத்தார்கள். ஒருத்தி கேடயத்தைக் காட்டினாள். இன்னொருத்தி எழுந்தே போய்க் காதில் வாய் வைத்துப் பேசினாள். சூப்பர்வைசர் சார் நாக்கைக் கடித்துத் தலையை ஆட்டினார். அவ்வளவுதான், அதிகம் ஒன்றும் இல்லை. சத்தம் அடங்கியபோது அக்காவின் கை முந்தானையை விட்டிருந்தது.

"ஒண்ணுமில்ல சார்," என்றார். "மெஷின்லாம் நல்லா ஓடுது. உங்க புண்ணியத்துல நாங்க நல்லா கீறோம்."

எல்லாரும் கை தட்டினார்கள். அதற்குப் பிறகு வந்த செக்‌ஷன்காரர்களும் முதலாளியின் தங்கமான மனசைப் பற்றியே பேசினார்கள். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. ஒரு குறைகூட இல்லாத முதலாளியாக அன்று அவர் காரில் ஏறினார்.

காபி டம்ளரோடு அக்காவைத் தேடிப் போய்ச் சண்டை பிடித்தேன். "ஏன் அக்கா, வாய் வரைக்கும் வந்ததை முழுங்கினீங்க?"

பதில் சொன்னது அவர் இல்லை. கேடயத்தை மடியில் வைத்திருந்த பெண். "நல்ல நாளும் அதுவுமா எதுக்குக்கா அபசகுனமா? அவரு நம்மள கௌரவம் பண்றாரு, நாம அவரு மூஞ்சில அடிக்கிறதா? அப்புறமா தனியா சொல்லிக்கலாம்."

அப்புறமா என்று ஒன்று வரவில்லை. முதலாளியைத் தனியாகப் பார்க்க சூப்பர்வைசரிடம் கேட்க வேண்டும். எதற்கு என்று அவர் கேட்பார். பொங்கல் வந்தது, போனது. கேடயத்தை பிரஸ் செக்‌ஷன் சுவரில் மாட்டிச் சந்தனம் வைத்தார்கள். எனக்கு மட்டும் தட்டு வரும்போதெல்லாம் கை தயங்கும். முதலில் பச்சையாக ஏதாவது தெரிகிறதா என்று பார்ப்பேன். இல்லை என்று தெரிந்த பிறகுதான் மூச்சு வரும்.

மாசி மாதம் ஒரு பிற்பகல். ஷெட்டில் பிரஸ்களின் சத்தம் ஒன்றுக்குப் பின் ஒன்றாக விழுந்துகொண்டே இருக்கும்; அது எங்களுக்குக் காதில் விழாத சத்தம். அதில் ஒன்று நின்றது. நின்றதுதான் கேட்டது. நான் எழுந்திருக்கவில்லை. அலறல் அதற்குப் பிறகுதான் வந்தது. அது அக்காவின் அலறல்கூட இல்லை, பக்கத்து மெஷின்காரியுடையது.

இடது கையில் கட்டைவிரல் மட்டும் மிஞ்சியது.

ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தேன். கட்டுப் போட்ட கையைத் தலையணை மேல் வைத்திருந்தார்கள். வளையல்களைக் கழற்றியிருந்தார்கள். அக்கா என்னைப் பார்த்து, "அன்னிக்கு அந்த ஏரோப்ளேன் வராம இருந்தா சொல்லியிருப்பேன்மே. பாதி சொல்லிட்டேன்ல?" என்றார். நான் அழுதேன். அவர் அழவில்லை.

முதலாளி நல்லபடியாக நடந்துகொண்டார் என்றுதான் ஊரில் பேச்சு. ஆஸ்பத்திரிச் செலவெல்லாம் கம்பெனியே ஏற்றுக்கொண்டது. நேரில் வந்து கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். பொத்தான் இடுக்குகளில் இருந்த ரப்பரையெல்லாம் பிடுங்கச் சொன்னார். பிடுங்கினார்கள். பள்ளிக்கூடப் பரீட்சை முடிந்ததும் அக்காவின் பெண்ணுக்குக் கம்பெனியிலேயே வேலை போட்டுக் கொடுத்தார். எந்த செக்‌ஷனில்? அம்மா இருந்த இடம்தானே காலி.

பெண் அம்மாவைப் போலவே. அதே சிரிப்பு, அதே துடுக்கு. என்னை அவளும் அக்கா என்றுதான் கூப்பிட்டாள். அம்மா கொடுத்தனுப்பிய குழம்பில் பாதியை எனக்குக் கொடுத்தாள். நான் அதைச் சாப்பிடாமல் டப்பாவை மூடிவைத்தேன்.

தீபாவளி ஆர்டர் குவிந்தது. சூப்பர்வைசர் சார் காலையும் மாலையும், "என்னம்மா, போன வருஷம் ஓடினதுல பாதிகூட ஓடலையே, கேடயத்தை அந்தப் பக்கம் கொடுத்துட வேண்டியதுதானா?" என்று சொல்லிக்கொண்டே நடந்தார். வேறு எதையும் அவர் சொல்லவில்லை. ஒரு நாள் தண்ணீர் குடிக்கப் போனபோது பார்த்தேன். ஒவ்வொரு இடது பொத்தானிலும் ரப்பர் துண்டு இருந்தது. புதுச் செருப்பு போலிருக்கிறது, நீலக் கலர்.

அன்று சாயங்காலமே பம்மலில் அக்கா வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். "டிசம்பர் விழாவுக்கு உங்களை மேடைக்குக் கூப்பிடப் போறாங்களாம். இந்தத் தடவை சொல்லிடுங்க அக்கா. நீங்க சொன்னா யாராலும் தட்ட முடியாது."

அக்கா வலது கையால் அரிசி புடைக்க முயன்றுகொண்டிருந்தார். முறம் ஒரு பக்கமாகச் சாய்ந்து சாய்ந்து விழுந்தது. "பாக்கலாம்மே," என்றார்.

டிசம்பர் கடைசி நாள் வந்தது. அதே ஷாமியானா, அதே மைக்செட்காரர். முதலாளி அக்காவை மேடைக்கு அழைத்துப் பொன்னாடை போர்த்தினார். "நீங்க எல்லாரும் கம்பெனிக்கு உழைப்பைக் கொடுத்தீங்க. இந்த அம்மா ஒரு கையையே கொடுத்திருக்காங்க," என்றார்.

கொடுத்தாராம்! கேட்டீர்களா கதையை? ஏதோ கோயில் உண்டியலில் போட்ட மாதிரி. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. சுற்றிலும் பார்த்தால் பெண்கள் உண்மையாகவே கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள்.

பிறகு அவர் மைக்கை அக்காவின் வாய்க்கு நேரே திருப்பினார். "நீங்கதான் சொல்லணும். இந்த வருஷம் என் குறை என்ன?"

நான் வானத்தைப் பார்த்தேன். விமானம் எதுவும் வரவில்லை. அந்தப் பக்கம் பூராவும் அப்படி ஓர் அமைதியை நான் கேட்டதே இல்லை. யாரும் புடவையை இழுக்கவில்லை, யாரும் நாக்கைக் கடிக்கவில்லை. எல்லாரும் காத்திருந்தார்கள். சூப்பர்வைசர் சார் மட்டும் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அக்காவின் கண் பிரஸ் செக்‌ஷன் வரிசையில் போய் நின்றது. அங்கே அவர் பெண், விழாவுக்காகப் புதுத் தாவணி கட்டி, கை நிறைய மஞ்சள் கண்ணாடி வளையலோடு உட்கார்ந்திருந்தாள்.

"ஒரு குறையும் இல்ல சார்," என்றார் அக்கா. "எம் பொண்ணுக்கு வேல குடுத்து வூட்ல அடுப்பெரிய வச்சீங்க. நீங்க நல்லா இருக்கணும்."

கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று. அக்காவும் தட்டினார், வலது கையால் தன் தொடையில்.

வெளியே வந்ததும் நான் கேட்பதற்கு முன்பே பேசிவிட்டார். "கோவிச்சுக்காத தங்கச்சி. அத்தினி பேர் எதிர்ல நான் சொன்னா, பெரியவருக்கு மானம் போவும். அவுரு மானம் போனா எம் பொண்ணு வேல போவும். அவ உஷாருமே, என்ன மாதிரி இல்ல." பொன்னாடை தோளிலிருந்து நழுவியது. நான்தான் எடுத்துவிட்டேன்.

ஜனவரி முதல் தேதி எங்களுக்கு லீவு கிடையாது. காலையில் எல்லாருக்கும் சாக்லேட் கொடுத்தார்கள். பிரஸ்கள் ஓட ஆரம்பித்தன. என் மேஜைக்கு அந்த வருஷத்தின் முதல் தட்டு வந்தது. வழக்கம்போல முதலில் பச்சைக்காகத் தேடினேன், இல்லை. மூச்சு விட்டேன். பித்தளைக்கு நடுவில் மஞ்சள் சட்டென்று கண்ணில் படாது. விரலில் குத்திய பிறகுதான் தெரிந்தது.

எப்படி அந்த மெஷின் வரைக்கும் போனேன் என்று ஞாபகம் இல்லை. அவள் இடது கையால் தகட்டைத் தள்ளிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் நிறுத்திவிட்டு, "இன்னாக்கா, பயந்துட்டியா? வளையல் தானே போச்சு," என்று சிரித்தாள். "கை கீது பாரு!"

ஆட்டிக் காட்டிய அந்தக் கையை எட்டிப் பிடித்துக்கொண்டேன். பின்னால் சூப்பர்வைசர் சாரின் குரல் கேட்டது. "ஏம்மா, வருஷப் பொறப்பு, நல்ல நாளும் அதுவுமா ஆரம்பிச்சிட்டியா? போய் உன் வேலையைப் பாரு."

"விடுக்கா," என்றாள் அவள். நான் விடவில்லை.